சேசி எண்ணும் மெய்கண்டாரும்

ஒரு வண்டியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் நிற்பது அதே வண்டிதானா? ஞானிகள் காலங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி. மலேசியாவில் ஈப்போவின் சிலிபினில் லேண்ட்ரோவர் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இது வேலைக்கு நடுவே வந்தது. கேட்டவர் சுங்கை சிப்புட் பக்கம் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற வாத்தியார். "தம்பி, எல்லாத்தையும் மாத்திட்டீங்க. இது இன்னும் எங்கப்பா வண்டிதானா?" என்றார். குரல் தழுதழுத்தது. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை.

வண்டி 1960களில் வந்த சீரீஸ் டூ ஏ, லோங் சேசி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 109 அங்குலம். தொழிலில் இருப்பவர்கள் 'ஒன் ஓ நைன்' என்போம். குட்டை வண்டி 88 அங்குலம், 'எய்ட்டி எய்ட்'. வாத்தியாரின் அப்பா ரப்பர் தோட்டத்தில் துரைக்கு டிரைவர். தோட்டம் கைமாறியபோது வண்டியை அவரே விலைக்கு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு லயத்துப் பெண்கள் பிரசவத்துக்கு ஈப்போ வந்ததும், பிள்ளைகள் பரீட்சைக்குப் போனதும் அந்த வண்டியில்தான்.

என் பட்டறைக்கு வந்தபோது கீழே பார்க்கச் சகிக்கவில்லை. லேண்ட்ரோவரின் மேற்கூடு அலுமினியம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டனில் இரும்புத் தகடு பங்கீட்டில் இருந்ததால் அதை உருவாக்கிய வில்க்ஸ் சகோதரர்கள் அப்படிச் செய்தார்கள். சேசி மட்டும் இரும்பு. அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் தண்ணீர் தங்கினால் அலுமினியம் பொரிந்து உதிரும். சேசியோ பெட்டி வடிவம்; சேறு உள்ளே புகுந்தால் வெளியே வராது, உள்ளிருந்தே துரு தின்னும். கிந்தா பள்ளத்தாக்கின் மழையில் ஐம்பது வருஷம் நின்ற வண்டிக்கு வேறென்ன ஆகும்? பின் குறுக்குச் சட்டம், பக்கக் கைகள், பல்க்ஹெட், கியர் பாக்ஸ், இரண்டு ஆக்சில், ஸ்டியரிங், கதவு, கூரை எல்லாம் மாறின. எஞ்சினை அவருடைய அப்பாவே முன்பு ஜப்பான் டீசலாக மாற்றியிருந்தார். கடைசியில் பழைய இரும்பு என்று மிஞ்சியது வலப்பக்கம் முன் ஸ்பிரிங் மாட்டுகிற நுனி. ஒரு சாண் இருக்கும். அதில்தான் சேசி எண் அடித்திருக்கிறது. எண்ணைத் தொட்டால் குற்றம், அதனால் அதை வைத்தே மற்றதைப் பற்றவைத்தேன்.

சட்டத்தின் பதில் அந்த ஒரு சாண்தான். வண்டியின் பதிவுச் சான்றான கிரானில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒத்தால், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேவுக்கு அதே வண்டி. பிரிட்டனில் இதற்கு ஒரு புள்ளிக் கணக்கு வைத்தார்கள். அடியோடு மாற்றிய வண்டி பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ள 8 புள்ளி வேண்டியிருந்தது. சேசிக்கு 5, ஆக்சிலுக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, எஞ்சினுக்கு 1. மனிதன் உயிர்நாடி என்று நினைக்கும் எஞ்சினுக்குத்தான் ஆகக் குறைவு. நிர்வாகத்துக்கு இது போதும். வாத்தியாருக்குப் போதாது.

கிரேக்கர்கள் தீசியஸ் என்ற வீரனின் கப்பலைப் பலகை பலகையாக மாற்றிப் பாதுகாத்ததைப் புளூடார்க் எழுதியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் அதில் ஒரு முடிச்சைச் சேர்த்தார்: கழற்றிய பலகைகளை ஒருவன் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால், எது தீசியஸின் கப்பல்? இது வெறும் கற்பனை இல்லை. வாத்தியார் வண்டியில் கழற்றிய கியர் பாக்ஸையும் இரண்டு கதவையும் கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் ஒருவர் வாங்கிப் போனார். அங்கே பழைய லேண்ட்ரோவர்கள் இன்றும் கோஸும் தக்காளியும் சுமக்கின்றன. அப்பாவின் கை பட்ட கியர் குச்சி இப்போது அங்கேதான் இருக்கிறது.

வண்டி என்பது இரும்பில் இல்லை, உருவத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்க்கலாம். அதுவும் நிற்காது. இதே 109 சேசியின் மேல் கேம்பிரிட்ஜின் மார்ஷல் நிறுவனம் ஆம்புலன்ஸ் கூடு கட்டியது. தீயணைப்பு வண்டி ஆனதும் உண்டு. 88இல், ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுத் தூக்குவதற்காகத் தகடுகளைக் கழற்றும்படி செய்த 'லைட்வெயிட்' உண்டு. பாலைவன ரோந்துக்கு ரோஸ் வண்ணம் பூசிய 'பிங்க் பாந்தர்', காட்டு வேலைக்கு டிராக்டர் சக்கரம் மாட்டிய 'ஃபாரஸ்ட் ரோவர்' என்று இன்னும் போகும். பேர் ஒன்று, கூடு பல.

பயனும் மாறுகிறது. லேண்ட்ரோவர் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது 1948 ஏப்ரல் 30. ஏழு வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில் தோட்டத்திலும் அருகிலும் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுடப்பட்டார்கள், மலாயாவில் அவசரகாலம் வந்தது. துரைமார் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு கட்டி ஓடிய காலம் அது. லயத்துப் பிள்ளைகளுக்கு லேண்ட்ரோவர் சத்தம் என்றால் துரை வருகிறார் என்ற பயம். டிரைவர் கைக்கு வந்த பிறகு அதே சத்தம் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்துவிட்டது என்ற தைரியம்.

பொருள், உருவம், பயன் மூன்றும் கைவிட்ட பிறகு மிஞ்சுவது பெயர் ஒன்றுதான் என்பார் பௌத்தத் துறவி நாகசேனர். மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் அவர் கேட்டார்: நீ தேரில் வந்தாயே, ஏர்க்காலா தேர்? அச்சா? சக்கரமா? எதுவும் இல்லை என்றான் அரசன். எல்லாம் கூடிய இடத்துக்கு நாம் இட்ட பெயர் தேர். நாகசேனன் என்பதும் அப்படித்தான் என்று முடித்தார். மணிமேகலைக்குக் காஞ்சியில் அறவண அடிகள் உபதேசித்த பௌத்தம் நமக்கு அந்நியமில்லை. எந்த வண்டியையும் கடைசி நட்டு வரை கழற்றிப் போட்டவனுக்கு நாகசேனர் சொன்னது கண்கூடு. தரையில் பரப்பிய சாமான்களுக்கு நடுவே லேண்ட்ரோவர் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது.

வண்டி விஷயத்தில் நான் நாகசேனர் பக்கம். ஆனால் தேரிலிருந்து அவர் மனிதனுக்குத் தாவியதை நான் ஏற்கவில்லை. அங்கே நான் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் பக்கம். 13ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்தவர் அவர். மூன்றாவது சூத்திரத்தில் உடலை மாயையால் ஆன இயந்திரம் என்றே சொல்கிறார். பட்டறைக்காரனுக்கு அது எப்படி ஒட்டாமல் போகும்? 'எனது உடல்' என்று சொல்கிறவன் உடலுக்கு வேறானவன். தூங்கும்போது உடல் முழுதாகக் கிடந்தும் உண்பதும் செய்வதும் இல்லை. ஆகவே இயந்திரத்துக்குள் அறிகிறவன் ஒருவன் உண்டு என்பது அவர் வாதம். 'எனது' என்பதும் பழக்கம்தான் என்று பௌத்தர் மறுப்பார். அந்த மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கியர் பாக்ஸ் மாறியது வண்டிக்குத் தெரியாது. எந்த லேண்ட்ரோவரும் 'என் ஆக்சில்' என்று சொன்னதில்லை. அழுதது வாத்தியார். இழப்பை அறிகிறவன் ஒருவன் இருந்தால்தான் அந்தக் கேள்வியே எழும்.

எங்கள் பக்கத்து லூர்து மாதா ஆலயத்துக்குப் போகும் கத்தோலிக்க நண்பர் ஒருவர், உடல் வெறும் இயந்திரம் என்பதை ஒப்பமாட்டார். கடைசி நாளில் உடலும் உயிர்த்தெழும் என்பது அவர்கள் விசுவாசம். பழைய இரும்பையும் மதிக்க வேண்டும் என்பார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். சைவம் உடலை அப்படிக் காத்து வைக்கச் சொல்லவில்லை.

வாத்தியார் இன்னொன்றும் சொன்னார். தோட்டத்து நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது மாரியம்மன் கோயிலையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. அம்மனைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, பூசாரி அதை மடியில் வைத்துக்கொண்டு இந்த வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து புது இடத்துக்குப் போனார். பழைய கோயில் இடிந்தது. புதுக் கோயிலின் சுவர் புதுசு, கூரை புதுசு, கர்ப்பக்கிரகம் புதுசு. அங்கே போய்ப் பழைய அம்மன்தானா என்று ஒரு கிழவியும் கேட்கவில்லை. பாலாலயம் செய்து திருப்பணி நடத்தும் ஊர்க்காரர்களுக்கு விடை முன்பே தெரியும்: அழைப்பவர்களும் அழைக்கப்படுபவளும் இருக்கும்வரை கட்டடம் மாறலாம்.

அதைக் கேட்ட பிறகுதான் பதில் சொன்னேன். "வாத்தியாரே, வண்டிக்குன்னு ஒரு உயிர் இல்ல, அதனால அது மாறிப்போச்சுன்னு வருத்தப்பட ஒண்ணுமில்ல. உங்கப்பா அந்த இரும்புக்குள்ள இருந்ததும் இல்ல. அவருக்குச் செய்ய வேண்டியத ஆடி அமாவாசையில செய்ங்க. வண்டிய ஓட்டுங்க." அவர் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பேராவில் பழைய தோட்டக் கொட்டகைகளில் இப்படி லேண்ட்ரோவர்கள் இன்னும் கிடக்கின்றன. தாத்தா ஞாபகம் என்று தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: மழையில் மக்கவிடாதீர்கள். கழற்றுங்கள், போனதை மாற்றுங்கள், கழற்றியதில் நல்லதைத் தேவைப்படுகிறவருக்குக் கொடுங்கள். எண் இருக்கும் அந்த ஒரு சாண் இரும்பை மட்டும் யாரையும் வெட்ட விடாதீர்கள். அது போனால் ஜேபிஜேயில் உங்கள் வண்டி இல்லை.