இரையாக வளர்க்கப்படும் உயிரும் வளர்ப்போனின் கடனும்

மனிதன் பிற உயிர்களை வளர்க்கும் நோக்கங்கள் பல. ஏருக்கு மாடும், காவலுக்கு நாயும், பாலுக்கு ஆடும் வளர்க்கப்படுகின்றன. கண்ணுக்கு இனிமையாகக் கிளியும் மீனும் வளர்க்கப்படுகின்றன. இவற்றுள் எவை நியாயமானவை, எவை அல்லாதவை என்பதுபற்றி ஒழுக்கவியலாளர் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். ஆயின் ஒரு விலங்கைத் தன் களிப்புக்காகக் கூண்டிலே வைத்திருப்பவன், அதன் பசியைத் தணிக்கும்பொருட்டு வேறொரு விலங்கினத்தையும் தன் வீட்டிலேயே வளர்த்துப் பெருக்குவானாயின், அந்நிலை மேற்கூறியவற்றுள் எதனோடும் முற்றாகப் பொருந்துவதில்லை. ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பாம்பு வளர்ப்போர் சிலரால் பேணப்படும் ஆபிரிக்க மென்மயிர் எலி இத்தகைய நிலையில் வாழும் ஓர் உயிர். அதனை முன்வைத்து எழும் வினா, தோற்றத்திற் சிறிதாயினும், மெய்யியல் நோக்கில் எளிதாக ஒதுக்கத்தக்கதன்று.

சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே, ஆபிரிக்காவின் புல்வெளிகளிலும் வயல்களிலும் குடிசைகளிலும் பரவலாக வாழ்வது இவ்வெலி. 1834ஆம் ஆண்டில் அன்ட்ரூ ஸ்மித் என்னும் விலங்கியலாளர் இதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தி, தென்னாபிரிக்காவின் நேற்றால் பிரதேசத்தின் பெயரை இதற்குச் சூட்டினார். சுண்டெலிக்கும் ஆய்வுகூடங்களிற் காணப்படும் வெள்ளை எலிக்கும் இடைப்பட்ட பருமனுடையது. பெண் எலிக்கு எட்டு முதல் பன்னிரண்டு சோடி வரை முலைக்காம்புகள் உண்டாதலின் பன்முலை எலி என்னும் பெயரும் இதற்கு வழங்குகின்றது. சினைக்காலம் சுமார் 23 நாள்கள். ஓர் ஈற்றிற் பத்துக் குட்டிகள் பிறத்தல் சாதாரணம். இருபதைத் தாண்டுதலும் உண்டு. பிறந்த குட்டிகள் மூன்று மாதத்துக்குள் தாமும் இனம்பெருக்கும் பருவத்தை அடைந்துவிடும்.

மனிதரோடு இவ்வெலிக்குள்ள உறவு பெரும்பாலும் பகைமையுறவே. தென்னாபிரிக்காவிற் காட்டு எலிகளிடமிருந்து பிளேக்கு நோயை மனிதர் வாழும் இடத்துக்குக் கொண்டுவரும் இணைப்பாக இது கருதப்பட்டது. அதனாலேயே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டு ஆய்வாளர் இதனைக் கூண்டில் வளர்த்துப் பிளேக்கு ஆய்வுக்குப் பயன்படுத்தினர். 1969ஆம் ஆண்டில் நைஜீரியாவின் லாசா என்னும் ஊரில் முதன்முதலாக இனங்காணப்பட்ட கொடிய காய்ச்சலின் வைரசு இவ்வெலியின் உடலிலேயே தங்கி வாழ்கின்றது எனச் சில ஆண்டுகளுக்குள் அறியப்பட்டது. தன்சானியாவில் மழை தாராளமாகப் பெய்யும் ஆண்டுகளில் இவை அளவிறந்து பெருகி, விதைத்த சோளத்தை முளைக்குமுன்னரே தோண்டித் தின்றுவிடுகின்றன. இன்னொரு வகையில் இவ்வெலி மனிதனுக்கு உதவியுமிருக்கின்றது. இதன் சில வழிகளில் இரைப்பைக் கட்டி தானாகவே தோன்றும் இயல்பு மிகுதியாகக் காணப்பட்டமையால், அந்நோயின் தன்மையை அறிய முயன்ற மருத்துவ ஆய்வாளர் இதனைப் பல்லாண்டு காலம் பயன்படுத்தினர்.

இத்தகைய எலி பாம்பு வளர்ப்போரின் கைக்கு வந்ததற்குக் காரணம், மேற்கு ஆபிரிக்காவின் அரச மலைப்பாம்பு. அச்சமுற்றவிடத்துத் தலையை நடுவே வைத்துப் பந்துபோற் சுருண்டுகொள்ளும் இச்சிறிய மலைப்பாம்பு சாதுவானது, அழகானது. பெனின் நாட்டின் ஊய்தா நகரில் இதற்குக் கோயிலே உண்டு. கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து பல்லாண்டுகளாகப் பெருந்தொகையாக ஏற்றுமதி செய்யப்பட்டு, மேனாட்டு வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பாம்புகளுள் ஒன்றாகிவிட்டது. ஆனால் இதற்கொரு குணமுண்டு. வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், உணவை ஏறெடுத்தும் பாராது கிடக்கும். வெள்ளை எலியை மறுத்த பாம்பும் தன் தாயகத்து இரையாகிய மென்மயிர் எலியைக் கண்டவிடத்துப் பற்றிக்கொள்ளும் என வளர்ப்போர் கண்டனர். இவ்வாறே பிளாஸ்ரிக் தொட்டிகள் அடுக்கிய தட்டுகளில், ஓர் ஆணும் இரண்டு மூன்று பெண்களுமாக, இவ்வெலிக் குடும்பங்கள் குடியேறின. 2003ஆம் ஆண்டில் ஆபிரிக்கக் கொறிவிலங்குகள் வழியாகக் குரங்கம்மை நோய் ஐக்கிய அமெரிக்காவுக்குட் புகுந்ததையடுத்து, அவற்றின் இறக்குமதி அங்கு தடைசெய்யப்பட்டது. ஆகவே இன்று அங்குள்ளவை பல தலைமுறைகளாகத் தொட்டியிலேயே பிறந்து தொட்டியிலேயே இறப்பவை.

இவற்றை வளர்ப்போர் தம் அனுபவத்தாற் சில உண்மைகளை அறிந்துள்ளனர். இவ்வெலிகள் தனித்து வாழ விரும்பாதவை. ஒருங்கே வளர்ந்தவை ஒன்றன்மேலொன்று படுத்துறங்கும். ஒரு தாயின் குட்டிகளை மற்றத் தாயும் பாலூட்டிப் பேணும். அதேவேளை, வளர்ந்த அந்நிய எலியொன்றை அக்குடும்பத்துட் புகுத்தினால் அதனைக் கடித்துக் கொன்றுவிடுவதும் உண்டு. ஆகவே குடும்பத்தில் ஒன்று இறந்தால் வெளியிலிருந்து வேறொன்றைச் சேர்த்து நிரப்ப முடியாது. இச்செய்தி ஏதோ தொழில்நுட்பக் குறிப்புப்போலவே வளர்ப்போரிடையே பரிமாறப்படுகின்றது. ஓர் எலியின் இடத்தை இன்னோர் எலி நிரப்ப முடியாது என்பதை எலிகளே அறிந்திருக்கின்றன என்னும் அதன் உட்பொருள் அவர்கள் கருத்திற் பட்டதாகத் தெரியவில்லை.

இவ்வழக்கத்துக்குச் சார்பாக முதலிற் கூறப்படுவது இயற்கை என்னும் நியாயம். பாம்பு எலியைத் தின்னல் இயற்கை. காட்டில் நிகழ்வதே வீட்டிலும் நிகழ்கின்றது என்பர். பாம்பைப் பொறுத்தவரை இது முற்றும் உண்மை. எலியைக் கொல்லும் பாம்பு பாவஞ் செய்வதாக எவரும் கூறார். ஆனால் வினா பாம்பைப் பற்றியதன்று. காட்டிலே பாம்புக்குப் பசியைக் கொடுத்தவன் ஒருவனுமில்லை. எலிக்கு ஓடி ஒளிய வளையுண்டு. தொட்டியிலோ பாம்பு அங்கிருப்பதும், அதன் பசி எப்போது தணியவேண்டும் என்பதும், எந்த எலி எந்த நாளில் எடுக்கப்படும் என்பதும் ஒருவனது தீர்மானத்தால் ஆவன. தன் தீர்மானங்களால் ஆகிய ஒன்றை இயற்கையின்மேற் சுமத்துதல் பொருந்தாது.

சோழர் குலத்து முன்னோனாகப் புறநானூற்றுப் புலவர் போற்றும் சிபியின் கதை இவ்விடத்து நினைக்கத்தக்கது. பருந்துக்கு அஞ்சித் தன்னிடம் வந்த புறாவைக் காக்கத் தன் தசையையே நிறுத்துக் கொடுத்தான் மன்னன் என்பது கதை. இது பொதுவாகப் புறாவின்மீது கொண்ட அருளுக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லப்படுகின்றது. ஆயின் மன்னன் பருந்தை விரட்டியடிக்கவில்லை என்பதும் சமமாக நோக்கத்தக்கது. தான் குறுக்கிட்ட கணத்திலிருந்து பருந்தின் பசி தன் கடனாகிவிட்டது என அவன் ஏற்றுக்கொள்கிறான். அக்கடனை இன்னொரு புறாவைக்கொண்டு தீர்க்க அவன் முற்படவில்லை. சாதாரண மனிதரிடம் சிபியின் செயலை எதிர்பார்ப்பது மிகை. எனினும் குறுக்கிட்டவன் கடன்படுகிறான் என்னும் அளவில் அக்கதை காட்டும் நியாயம் சாதாரண மனிதருக்கும் உரியதே. பாம்பு வளர்ப்போன் குறுக்கிட்டவன் மட்டுமல்லன். பருந்தைப் பிடித்துக் கூண்டில் வைத்தவனும் அவனே, புறாவைப் பொரிப்பித்தவனும் அவனே.

இக்கருத்தைத் தன்சானிய உழவனோடு ஒப்பிட்டால் மேலும் தெளிவு பிறக்கும். விதைத்த சோளத்தைக் காக்க அவன் ஒரே இரவில் நூறு எலிகளை நஞ்சிட்டுக் கொல்லக்கூடும். எண்ணிக்கையை மட்டும் நோக்குவோர் அவனையே பெருங்கொலைஞன் என்பர். ஆனால் அவ்வெலிகளை அவன் அழைக்கவில்லை. அவை அவனை நம்பி வாழவுமில்லை. அவன் பிள்ளைகளின் உணவே அங்கு பணயம். தன் கைபட்டு வளர்ந்த ஓர் எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் பாம்பின் தொட்டியில் இடுபவன் நிலை வேறு. எலி ஒன்றே, இறப்பும் ஒன்றே. ஆனால் அவ்வெலிக்கு இவ்விருவரும் பட்டுள்ள கடன் ஒன்றன்று. ஓர் உயிருக்கு நாம் செய்யவேண்டியது அவ்வுயிரின் இனத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. அதனோடு நாம் ஏற்படுத்திக்கொண்ட உறவாலும் தீர்மானிக்கப்படுகின்றது.

இரண்டாவது நியாயம் சற்று நுட்பமானது. இரைக்காக வளர்க்கப்படாவிடின் இவ்வெலிகள் பிறந்தேயிரா. சில மாதமேனும் உண்டு உறங்கி வாழ்ந்தமை அவற்றுக்கு இலாபமே என்பர். இது பழைய வாதம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில அறிஞர் லெஸ்லி ஸ்ரீபன் பன்றியைக் குறித்து இவ்வாறே வாதிட்டார். அதனை ஹென்றி சோல்ட் 1914ஆம் ஆண்டில் மறுத்தெழுதினார். பிறவாதிருக்கும் ஒன்று எதனையும் இழப்பதில்லை. எனவே பிறப்பித்தலை அதற்குச் செய்த உபகாரமாகக் கொள்ள முடியாது என்பது அவரது மறுப்பின் சாரம். இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. உபகாரமென்றே கொண்டாலும், கொடுத்தவனுக்கு அதனால் எவ்வுரிமை பிறக்கின்றது என்பது இன்னும் விளங்கவில்லை. பெற்ற பிள்ளையைத் தான் விரும்பியவாறு நடத்தப் பெற்றோருக்கு உரிமையுண்டென எவரும் கூறுவதில்லை. பெற்றமையாலேயே அவர்கள் கடமை மிகுகின்றது என்றே கூறுவர்.

இதனோடு ஒட்டியது, ஓருயிரின் இடத்தை மற்றோருயிரால் ஈடுசெய்யலாம் என்னும் கொள்கை. விலங்குகளின் நலனுக்காக 1975ஆம் ஆண்டில் பெருநூல் எழுதிய பீற்றர் சிங்கரே, 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தன்னைத் தானென உணராத உயிர்களைப் பொறுத்தவரை, நோவின்றிக் கொன்று அதேயளவு இன்பமுள்ள வேறொன்றைப் பிறப்பித்தாற் கணக்கு நேராகும் என்னும் முடிவுக்கு இடமளிக்க நேர்ந்தது. இன்பதுன்பங்களின் கூட்டுத்தொகையே யாவும் எனக் கொள்ளும் கொள்கைக்கு இது தவிர்க்கவியலாத இடர்ப்பாடு. எலித்தொட்டிகளின் வரிசை அக்கொள்கையின் கண்கண்ட உருவம் எனலாம். ரொம் றேகன் 1983ஆம் ஆண்டில் இதற்கு மாறாக, தனக்கென ஒரு வாழ்வையுடைய உயிர் இன்பத்தை ஏந்தும் வெறும் பாத்திரமன்று என வாதிட்டார். எலிக்கும் அத்தகைய வாழ்வுண்டு என்பதை நூல் படித்து அறியவேண்டியதில்லை. அந்நியரைக் கடித்துத் துரத்தித் தன்னவரோடு ஒட்டி உறங்கும் எலியைத் தினமும் பார்ப்பவர் அதை நன்கறிவர்.

விலங்குக்குச் செய்யும் கொடுமை மனிதரிடத்தும் கொடுமையை வளர்க்கும் என்பதனாலேயே அது தவறு என்றார் காண்ட். இவ்விடத்து அக்கருத்து அதிகம் உதவாது. எலி வளர்ப்போர் பலர் மென்மையான மனமுடையவர். தொட்டியின் வெப்பநிலையையும் படுக்கையின் ஈரத்தையும் கவலையோடு கவனிப்பவர். உயிருள்ள எலியை இடுவதிலும் கொன்ற எலியை இடுதல் நன்று என்பதே இன்று அவர்களுட் பலரது கொள்கை. அதற்கு எலியின் நோவு மட்டும் காரணமன்று. மூலையில் அகப்பட்ட எலி பாம்பைக் கடித்துக் காயப்படுத்தும். இதற்கெனக் காபனீரொட்சைட்டு வாயுவைப் பெட்டியுட் படிப்படியாகச் செலுத்துவர். அவ்வாயுவை எலிகள் வெறுத்து விலக முயல்கின்றன எனவும், புதிதாகப் பிறந்த குட்டிகள் அதில் இறக்க நெடுநேரம் செல்லும் எனவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே நோவற்ற கொலை என்று சொல்லப்படுவதும் சொல்லளவிற்கு எளிதானதன்று. இத்தொல்லையெல்லாம் வேண்டாமென உறையவைத்த எலிகளை விலைக்கு வாங்குவோர் தம்மைக் கொலையினின்றும் விலகியவராகக் கருதுவதுண்டு. வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை என்று புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டிய தொடர்பு அவர்களுக்கும் பொருந்தும்.

இங்கு ஓர் எதிர்க்கேள்வி எழுதல் இயல்பு. பாம்பைப் பட்டினி போடுவதா? அது மரக்கறி உண்ணாது. அதனை வெளியே விட்டுவிடுவதும் தீர்வாகாது. புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில், வளர்ப்போரிடமிருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி அங்குள்ள முலையூட்டிகளை அருகச் செய்துவிட்டன. ஆகவே கூண்டில் ஏற்கெனவே வாழும் பாம்புக்கு அதன் காலம் முடியும்வரை இரை கொடுப்பதை விட வேறு வழியில்லை. எலியைப் பாம்புக்கு இடும் வேளையிலேயே அறத்தைப் பற்றிய வினா எழுவதாகப் பலர் கருதுவதுதான் இவ்விவாதம் முழுவதையும் திசைதிருப்பி விடுகின்றது. அவ்வேளையில் எதைத் தெரிந்தெடுப்பினும் ஓர் உயிர் துன்புறும். உண்மையான தெரிவு அதற்கு நெடுநாள் முன்னரே, பாம்பை வாங்கும் நாளிலோ பாம்புகளைச் சேர்க்கும் நாளிலோ, நிகழ்ந்து முடிந்துவிடுகின்றது.

இவ்வெலியைத் தோழமைக்காகவே வளர்ப்போரும் சிலர் உளர். அவர்களிடத்துக் கொலை இல்லை. ஆயினும் ஆணையும் பெண்ணையும் ஒருங்கே விட்டால் மாதத்துக்குப் பத்தாகப் பெருகும் குட்டிகள் எங்கு போய்ச் சேரும் என்பதைக் கேட்டால் அவர்களுட் பலரும் பாம்பு வளர்ப்போரையே சுட்டுவர்.

அரச மலைப்பாம்பு கூண்டில் 25 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியது. இரு வாரத்துக்கு ஓர் எலி என்று குறைவாகவே கொண்டாலும், ஒரு பாம்பின் ஆயுளுக்கு 650 எலிகள் வேண்டும். இப்பாம்புகளை வளர்ப்போர் கடந்த சில தசாப்தங்களாக அவற்றின் தோலில் புதுப்புது நிறங்களையும் கோலங்களையும் தோற்றுவிக்கவென்றே இனங்கலந்து பெருக்கி வருகின்றனர். அரிய நிறமுடையது பெருவிலைக்குப் போகும். பெண் பாம்பு ஒரு தடவையில் ஆறு முட்டை இடுவது வழக்கம். ஆறும் பொரித்து ஆறும் வாழ்ந்தால் 3,900 எலிகள். குஞ்சுகளின் நிறம் எவ்வாறிருக்கும் என அறியும் ஆவலோடு முட்டைகளை வெப்பப்பெட்டியுள் வைப்பவர் அந்நேரத்தில் எலிகளை நினைப்பதில்லை. அவற்றுள் ஒன்றுதானும் அப்போது பிறந்திருப்பதுமில்லை.