குருவிச்சையும் ஒட்டுக் கொப்பும்



உங்கள் வளவில் நிற்கும் மாமரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மாவிலைகளுக்கு நடுவே வேறோர் இலைக்கொத்தும், அதிலே செம்மஞ்சள் நிறக் குழற்பூக்களும் தென்படக்கூடும். அதுதான் குருவிச்சை. சிறு குருவிகள் அதன் பழத்தைத் தின்று, பசை பிடித்த விதையைக் கொப்பில் விட்டுச் செல்கின்றன. விதை முளைத்து, பட்டையைத் துளைத்து உள்ளே இறங்குகிறது.

குருவிச்சையை முழுச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பச்சை இலை உண்டு. சூரிய ஒளியில் தன் உணவைத் தானே ஆக்கக்கூடியது. மரத்திடமிருந்து பெரும்பாலும் நீரையும் உப்புச் சத்துகளையுமே எடுக்கிறது. தாவரவியலார் இதனை அரை ஒட்டுண்ணி என்பர். கனடாவின் குளிர்ந்த மலைப் புல்வெளிகளில் செந்நிறமாய்ப் பொலியும் காஸ்டிலேயா என்ற காட்டுப்பூவும் இவ்வகையினதே. அது மண்ணுக்குள் அயற்செடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சுகிறது. மேலே பார்ப்பவர்களுக்கு அழகு மட்டுமே தெரிகிறது.

அண்மையில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். வயதான அம்மா ஒருவர் முற்றத்து மாமரத்தைக் காட்டி, “நானும் அந்தக் குருவிச்சை மாதிரித்தான் சுவாமி. கனடாவிலை மகன் இரவு பகலாய்ப் பாடுபட்டு அனுப்பிற காசிலைதான் சாப்பிடுறன்” என்றார். அதே காசில் வாங்கிய மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த பேரன், வேலை தேடாத வாலிபன், கேட்டும் கேளாதவன் போல் நின்றான்.

பிறரில் தங்கி வாழ்வது குற்றமா? கறுத்தக்கொழும்பான் ஒட்டு மாங்கன்றை எண்ணிப் பாருங்கள். ஒட்டிய கொப்புக்கும் சொந்த வேர் இல்லை. அடிமரம் தரும் நீரைத்தான் அதுவும் குடிக்கிறது. ஆனால், தன் இலையில் ஆக்கிய உணவைக் கீழே வேருக்கு அனுப்புகிறது. அந்த உணவால் வேர் வளர்கிறது, மரம் காய்க்கிறது. குருவிச்சையோ பெறுவதைப் பெறும். மரத்துக்கு உணவு அனுப்பாது. மரம் வாடும் வரட்சியிலும் நீரை இழுக்கும். ஈற்றில் கொப்புப் பட்டால் தானும் பட்டுப்போகும்.

ஆகவே, வாங்குவதிலே குற்றமில்லை. நம்மிடமிருந்து என்ன திரும்பிச் செல்கிறது என்பதே கேள்வி. கூடாரத் தொழில் செய்து உழைத்த புனித பவுலும் பிலிப்பியர் அனுப்பிய உதவியை நன்றியோடு ஏற்றுக்கொண்டார்.

“படுக்கையிற் கிடக்கும் நோயாளி எதைத் திருப்பிக் கொடுப்பார்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மர உவமை அவ்விடத்தில் நின்றுவிட வேண்டும். மனிதனின் மதிப்பு அவன் தரும் விளைச்சலில் இல்லை. குருவிச்சை என்ற சொல், பச்சை இலை இருந்தும் கொடுக்க மறுப்பவனுக்கே பொருந்தும்.

அந்த அம்மாவிடம், “நீங்கள் குருவிச்சை அல்ல அம்மா, நீங்கள்தான் வேர். இத்தனை காலம் நீர் இறைத்துக் கொடுத்தீர்கள், இப்போது கொப்பிலிருந்து உங்களுக்கு உணவு வருகிறது” என்றேன். பேரனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

வாசகரே, அடுத்த முறை வெளிநாட்டுக் காசு கைக்கு வரும்போது, அது எத்தனை மணி நேர உழைப்பு என்று கேட்டறியுங்கள். எதுவும் கேட்காமல், சுகம் விசாரிக்க மட்டும் ஒருமுறை பேசுங்கள். உங்கள் கையால் ஆகக்கூடிய வேலை ஒன்றை இன்றே தொடங்குங்கள். தூரத்தில் நிற்கும் அந்த மரத்துக்கும் தாகம் உண்டு.