யார் வீட்டு மழை?

ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில், தேனியில் நண்பர் ஒருவர் தாம் புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றிக் காட்டினார். முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம். "எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு நிற்காது, எல்லாம் தெருவுக்குப் போய்விடும்" என்றார் பெருமையோடு.

அன்றிரவு மழை கொட்டியது. அவர் சொன்னபடியே ஒரு சொட்டும் நிற்கவில்லை. காலையில் தெருவின் பள்ளக் கோடியில், ஓட்டு வீடொன்றிலிருந்து ஒரு மூதாட்டி தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார். நண்பரைக் கண்டதும், "உங்க வீட்டு மழை எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கு, தம்பி" என்று சிரித்தார். கோபமில்லாத அந்தச் சொல்தான் அதிகமாகச் சுட்டது.

நம் கூரைமேல் விழும் மழை நம்முடையதா? ஆம் என்றால், அதைப் பிறர் வீட்டில் தள்ள நமக்கு உரிமை ஏது? இல்லை என்றால், கோடையில் கிணறு வற்றும்போது அதே நீரைத் தேடி அழுவதில் நியாயம் ஏது?

கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீரின் அருமை தெரியாததா? மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை 1895-ஆம் ஆண்டு அணையிட்டு, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார்கள். அந்த வேலையை முடித்த பென்னிகுவிக்கை இங்கே இன்றும் கும்பிடுகிறார்கள். மலைக்கு அப்பாலிருந்து நீரை அழைத்து வந்தவரைப் போற்றும் நாம், வானம் வாசலுக்கே அனுப்பும் நீரைத் துரத்தி விடுகிறோம்!

1990-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்தில் 'மழைத் தோட்டம்' என்றொரு முறையைத் தொடங்கினார்கள். வீட்டோரம் ஆழமில்லாத பள்ளம். அதில் நன்றாக வேரோடும் செடிகள். கூரைத் தண்ணீர் அதில் தங்கி ஓரிரு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடும். கொசு பெருக அவகாசமில்லை. நம் பாட்டிமாரின் கிணற்றடி வாழைக்கு இது தூரத்து உறவுதான்.

தமிழக அரசு 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சட்டம் குழாய் பொருத்தச் செய்யலாம். பள்ளத்து வீட்டை நினைக்கச் செய்ய முடியுமா?

"ஒரு குழியால் ஊர் வெள்ளம் நின்றுவிடுமா?" என்று கேட்கலாம். நிற்காது. ஆனால் ஊர் வெள்ளம் என்பது வீட்டுக்கு வீடு கொடுத்த பங்குதானே?

நண்பர் முற்றத்தின் ஒரு மூலையில் தளத்தைப் பெயர்த்துப் பள்ளம் தோண்டி, வாழையும் கல்வாழையும் வைத்தார். அடுத்த பெருமழைக்குப் பின், "மூதாட்டி வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா?" என்று விசாரித்தேன்.

"வந்தது" என்றார் தலைகுனிந்து. பிறகு மெல்லச் சொன்னார்: "ஆனால், அதில் என் பங்கு குறைந்திருக்கிறது."