மூடியிட்டு எடுத்த படம்

புனேயை அடுத்த தேஹு ரோட்டில் இரவும் முழு இருளன்று. அருகிலுள்ள பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழில் நகரின் விளக்கொளி வானை வெளிறச் செய்கிறது. ஆயினும் அத்தகைய ஊரின் மொட்டைமாடியிலிருந்தும் பொழுதுபோக்கு வானியலாளர் ஒருவர் ஆண்ட்ரோமெடா மண்டலத்தைப் படம்பிடிக்க இயலும்.

அங்கிருந்து ஒளி நம்மை அடைய ஏறக்குறைய 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அம்மண்டலத்தின் சுழற்கரங்கள் மிக மங்கலானவை. எனவே நூறு படங்கள் எடுத்துச் சராசரி காண்கிறார்கள். தற்செயலான இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. உண்மை ஒளி நிலைக்கிறது.

ஆனால் ஒரு குறை சராசரியாலும் நீங்காது. கேமராவின் உள்வெப்பத்தால் சில புள்ளிகள், ஒளியே இல்லாதபோதும் ஒளிர்கின்றன. ஆதலால் தொலைநோக்கியை மூடியிட்டு, அதே வெப்பநிலையில், அதே கால அளவுக்கு வெறும் இருளையே படம் எடுக்கிறார்கள். அந்த இருட்படத்தை வான்படத்திலிருந்து கழித்துவிடுகிறார்கள். கருவி தானாக உண்டாக்கியது எது, வானம் தந்தது எது என்று அப்போதுதான் பிரித்தறிய முடிகிறது.

கணினியில் இல்லாத ஒளியைச் சேர்த்து அழகூட்டுவதும் எளிதே. பார்ப்பவர் வியப்பர், எடுத்தவர் மட்டும் உண்மை அறிவார். அந்த ஒருவரின் நேர்மையில்தான் படத்தின் மதிப்பு முழுவதும் நிற்கிறது.

பிறரைக் குறித்து நாம் தீர்ப்புக் கூறும்போதும் இதே கேள்வி எழுகிறது. அவரிடம் கண்ட குறையில் அவருடையது எவ்வளவு, நம் உள்ளத்தின் வெப்பம் எவ்வளவு? எவரையும் நோக்காமல், புறத்தை மூடிச் சற்றே அமர்ந்தால், அப்போதும் உள்ளே கனல்வது நம்முடையதே என்பது விளங்கும். அதைக் கழித்தபின் எஞ்சுவதையே கண்டதாகச் சொல்லலாம்.