உவமையில் ஒளிந்த நஞ்சு

உவமை அழகு தரும் என்பர். அதுவே ஆளைக் கொல்லும் வாளாவதும் உண்டு. 1604-இல் இலண்டன் அரசவையில் ஆடப்பெற்ற ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகம் அதற்குச் சான்று.

ஒதெல்லோ கருநிற மூர், வெனிஸின் படைத்தலைவன். அவனை வீட்டிற்கு அழைத்து விருந்தளித்து, வீரக்கதை கேட்டு மகிழ்ந்தவன் பிரபான்ஷியோ. மகள் டெஸ்டிமோனா அந்த வீரனையே மணந்துகொண்டாள். நள்ளிரவில் வஞ்சகன் இயாகோ தந்தையின் வாயிலில் நின்று கூவுகிறான்: மருமகன் கருங்கடாவாம், குதிரையாம்! அவ்வளவுதான். நேற்றைய விருந்தினன் இன்று மாயவித்தைக்காரனாகிறான். உவமை புதிதாக வெறுப்பை விதைக்கவில்லை. நெஞ்சிலே உறங்கிய வெறுப்பைத் தட்டி எழுப்பியது.

அதனினும் கொடுமை ஒன்றுண்டு. மனைவியை ஐயுற்ற ஒதெல்லோ, அவள் பெயருக்கு நேர்ந்த களங்கத்தைத் தன் முகத்தின் கருமைக்கே ஒப்பிடுகிறான்! பகைவனின் அளவுகோலால் தன்னையே அளக்கிறான். கைவிலங்கினும் கொடிய விலங்கன்றோ அது? சான்று கேட்கத்தான் செய்தான்; ஆனால், தன்னை இழிவென எண்ணிவிட்டவனுக்கு ஒரு கைக்குட்டையே போதுமான சான்றாயிற்று. குற்றமற்றவள் மாண்டாள்.

குற்றவாளி இயாகோ மட்டுமா? செவி கொடுத்தோருமே! மனிதனை விலங்கென்று எவன் கூறினும், தோழர்களே, உவமையைச் சுவைக்காதீர், உண்மையைக் கேளுங்கள்!