வெட்டிய மரத்தின் பக்கம்

2022ஆம் ஆண்டின் இறுதியில் ஒன்ராறியோ அரசு, ரொறன்ரோவைச் சுற்றிக் கட்டடம் எழும்பாமல் காக்கப்படும் பசுமை வளையத்திலிருந்து ஏறத்தாழ 7,400 ஏக்கர் காணியை வீடு கட்டவென்று விடுவித்தது. பிரித்தெடுத்த 15 துண்டுகளில் ஒன்று ஸ்ரௌவ்வில் மக்கோவன் வீதியில் இருந்தது. அடுத்த ஆண்டு ஓகஸ்டில் மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் பொனி லைசிக்கின் அறிக்கை வந்தது. அந்த ஒரு முடிவால் காணிக்காரரின் சொத்து மதிப்பு 830 கோடி டொலருக்கு மேல் ஏறக்கூடும் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. வீடமைப்பு அமைச்சர் பதவி விலகினார். செப்டெம்பரில் முதல்வர் டக் ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டு, எடுத்த காணியைத் திரும்ப வளையத்துக்குள் விடுவதாக அறிவித்தார்.

இதற்கும் வரவேற்பறை மூலையில் நிற்கிற நத்தார் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? காணிதான்.

டிசம்பர் பிறந்தால் ஸ்ரௌவ்வில், மார்க்கம், ஸ்காபரோத் தமிழ் வீடுகளில் ஒரு வாக்குவாதம் தப்பாமல் எழும். வெட்டிய மரமா, பெட்டிக்குள் இருந்து எடுக்கிற மரமா? சைவ வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் கண்டுவந்து மரம் கேட்கிற ஊர் இது. ஆகவே வேதக்காரர் மட்டும் பேசித் தீர்க்கிற விஷயமுமில்லை. ஒரு மாதக் கொண்டாட்டத்துக்காகப் பச்சை மரத்தை வெட்டுவது பாவம், பிளாஸ்ரிக்கே மேல் என்பது பலருடைய தீர்ப்பு. நல்ல மனத்திலிருந்து வருகிற தீர்ப்புத்தான். ஆனாலும் பிழையான தீர்ப்பு.

மரத்துக்காக வாதாடுகிறவர்களுக்குத் தமிழில் சாட்சிக்குப் பஞ்சமில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். நற்றிணையின் 172ஆம் பாட்டில் ஒரு பெண், தாய் சொல்லிக்கொடுத்தபடி புன்னையை உடன்பிறந்தவளாக எண்ணி, அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசக் கூசுகிறாள். அதே தொகையில் கணியன் பூங்குன்றனாரின் 226ஆம் பாட்டு, மரம் பட்டுப்போகும் அளவுக்கு யாரும் அதிலிருந்து மருந்து எடுப்பதில்லை என்கிறது. எதிர்த்தரப்பின் மிகப் பெரிய சாட்சி இதுவே. ஆனால் அந்தப் பாட்டை முழுதாகப் படிக்கவேண்டும். குடிகள் நலிந்துபோகும் அளவுக்கு அரசர் பொருள் கொள்வதில்லை என்றும் அது அதே மூச்சில் சொல்கிறது. அந்தப் பாட்டுக்குப் பகை அரிவாள் இல்லை, அளவு தெரியாத ஆசை. மக்கோவன் வீதிக் காணிக்கு அது பொருந்துகிற அளவுக்கு நத்தார் மரத்துக்குப் பொருந்தாது. வள்ளுவரும் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் ஊர் நடுவே பழுத்த மரத்தையும் மருந்தாகிப் பயன்படும் மரத்தையும்தான் கொடையாளிக்கு உவமை காட்டினார். தொடாமல் வைத்துக் கும்பிடும் மரத்தை அவர் அங்கே தேடவில்லை.

இவ்வளவு ஏன், கலியாண வீட்டு வாசலில் குலையோடு வெட்டிக் கட்டுகிற வாழைக்காக எந்தத் தமிழர் கண்ணீர் விட்டிருக்கிறார்? வாழை பயிர். வெட்டத்தான் வைத்தது, பக்கத்தில் குட்டி நிற்கிறது. ஒன்ராறியோவின் நத்தார் மரமும் அப்படி ஒரு பயிரே. (ஸ்காபரோ மண்டபங்களில் இப்போது வாழையும் பிளாஸ்ரிக், மாவிலைத் தோரணமும் பிளாஸ்ரிக். அது வேறு துக்கம்.)

ஸ்ரௌவ்வில் பக்கத்துப் பண்ணைக்குப் போனால் வாசலிலேயே கைவாள் ஒன்றைத் தருவார்கள். பால்சம், பிரேசர், ஸ்ப்ரூஸ், ஸ்கொட்ஸ் பைன் என்று வரிசை வரிசையாக நிற்கும். பனியில் முழங்காலூன்றிக் குனிந்து, அடியில் வாளை வைத்து அரியவேண்டும். பால் கையுறையில் பிசுபிசுக்கும். பிரேசர் என்றால் தோடம்பழத் தோலின் மணம் எழும். வெட்டிய மரத்தை ஓர் இயந்திரம் உலுக்கிக் காய்ந்த ஊசியிலையை உதிர்க்கும். இன்னொன்று வலைக்குள் இழுத்துச் சுருட்டிக் கொடுக்கும். அந்த ஆறேழடி மரம் எட்டுப் பத்து வருடம் அந்த வயலில் நின்றது. ஒவ்வொரு கோடையிலும் யாரோ ஒருவர் அதைக் கத்தரித்திருக்கிறார். வசந்தம் வந்ததும் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாண் கன்று வைப்பார்கள்.

கத்தரித்து நடுகிற அந்தக் கையைத்தான் இழந்துகொண்டிருக்கிறது கனடா. 2011இல் நாட்டில் 2,381 நத்தார் மரப் பண்ணைகள் இருந்ததாகக் கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் கணக்கெடுத்தது. 2021இல் 1,364. வயதான பண்ணைக்காரர் ஓய்வு பெறுகிறார், பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள், நகரம் வேலியோரம் வந்து நிற்கிறது. மரம் வாங்க ஆளில்லாத வயலைக் காணித்தரகர் வாங்குவார். மரத்தில் இரக்கப்பட்டுப் பிளாஸ்ரிக் வாங்கும் வீடு, தெரியாமலே அந்தத் தரகருக்கு வழிவிடுகிறது.

இந்த மண்ணுக்கு வெட்டும் தெரியும், நடவும் தெரியும். குடியேறியவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த காட்டை மொட்டையடித்தார்கள். ஸ்ரௌவ்வில் பக்கத்து ஓக் ரிட்ஜஸ் மேட்டின் மணல் காற்றில் கிளம்பி வயலையும் பாதையையும் மூடியது. 1924இல் தொடங்கி ஊசியிலைக் கன்றுகளை நட்டு அந்த மணலைக் கட்டினார்கள். நெடுஞ்சாலை 48 ஓரத்து ஹொலிட்ஜ் காட்டில் இன்று நடக்கிறவருக்கு அது மணற்காடாகக் கிடந்த இடமென்று சொன்னால்தான் தெரியும். நட்ட பைன்களை இடையிடையே வெட்டிக் கலைத்ததால்தான் கீழே வெளிச்சம் விழுந்து, மேப்பிளும் ஓக்கும் தாமாக முளைக்க இடம் கிடைத்தது. அங்கே வெட்டும் வனத்துறையின் வேலையே.

பிளாஸ்ரிக் மரத்தின் கதை வேறு. கம்பியும் பீ.வீ.சீ.யும் சேர்த்து முறுக்கி, பெரும்பாலும் சீனாவில் செய்து, கப்பலில் வருவது. மொன்றியலின் எலிப்சோஸ் நிறுவனம் 2009இல் கணக்குப் பார்த்தது. சராசரியாக ஆறு வருடம் வைத்திருக்கும் பிளாஸ்ரிக் மரத்தின் பங்கு ஆண்டுக்கு 8.1 கிலோ காபனீரொட்சைட்டு; வெட்டிய மரத்தின் பங்கு 3.1 கிலோ. இருபது வருடம் வைத்திருந்தால்தான் பிளாஸ்ரிக் முந்தும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஸ்காபரோவிலிருந்து ஸ்ரௌவ்விலுக்கு மரத்துக்காகவே காரோட்டிப் போய்வருகிற குடும்பம் அந்த ஐந்து கிலோ மிச்சத்தை வழியிலேயே எரித்துவிடும். பக்கத்துத் தெருவில் விற்கிற மரத்தை வாங்கலாம், அல்லது இரண்டு வீட்டார் ஒரு வானில் போகலாம். கணக்கு அதோடு தீரும். காணி அப்படித் தீராது.

போலி மரத்துக்கு உயரத்திலும் எல்லை கிடையாது. 2016இல் கொழும்பு காலிமுகத்திடலில் அமைச்சர் அர்ஜுன ரணதுங்க உலக சாதனைக்கென்று ஒன்றை எழுப்பினார். 100 மீற்றர் என்று தொடங்கி 72.1 மீற்றரில் நின்றது. இரும்பும் பலகையும் சட்டம், மேலே சாயம் பூசிய பைன் காய்கள். வீண் செலவு, ஏழைக்குக் கொடுங்கள் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையே கடிந்தார். சாதனைப் புத்தகம் அதைப் பதிந்துகொண்டது.

பிளாஸ்ரிக்குக்கும் நியாயம் உண்டு. பிசின் மணம் ஒத்துக்கொள்ளாதவர், உயிர் மரம் வைக்க அனுமதியில்லாத கொண்டோவில் இருப்பவர், வருடாவருடம் எண்பது, நூறு டொலர் கொடுக்க முடியாத குடும்பம் ஆகியோரை யாரும் குறை சொல்லக்கூடாது. வந்த புதிதில் செல்லர்ஸ் கடையில் மலிவாக வாங்கி, இன்றும் பேஸ்மென்ற்றிலிருந்து தூக்கி வருகிறார்களே, அந்த வீட்டார் இருபது வருடத்தை எப்போதோ தாண்டிவிட்டார்கள். அவர்கள் அதையே வைத்திருக்கட்டும்.

ஜனவரியில், பொங்கலை ஒட்டி, வெட்டிய மரங்கள் வாசலுக்கு வரும். ஜரிகையும் மின்குமிழும் கழற்றி, பொலித்தீன் பையில் சுற்றாமல் வைக்கச் சொல்கிறது ரொறன்ரோ நகரசபை. அள்ளிக்கொண்டுபோய் அரைத்து மண்ணுக்குத் திருப்புகிறது. பிளாஸ்ரிக் மரத்தை நீலத் தொட்டி ஏற்காது, குப்பை லொறிதான். ஸ்ரௌவ்வில் வயலில் அடிக்கட்டைகள் பனிக்குக் கீழே கிடக்கின்றன. மே மாதத்தில் வைக்கும் கன்று ஆறடியாகப் பத்து வருடம் வேண்டும். மக்கோவன் வீதிக் காணியை வளையத்திலிருந்து எடுத்துத் திரும்ப விட ஒரு வருடம்கூடப் போகவில்லை.