தேடினேன், இல்லை

1999 மே 17 அன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து ஒரு ஸ்கிரீன்சேவர் வெளியானது. பெயர் செட்டி@ஹோம். நீங்கள் கணினியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் அது வேலையைத் தொடங்கும். போர்ட்டோ ரீக்கோவின் அரெசிபோவில் 305 மீட்டர் அகலமுள்ள ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்த இரைச்சலில், வேற்றுலக அறிவுயிர்கள் அனுப்பிய சமிக்ஞை ஏதும் இருக்கிறதா என்று அலசும். ஒருவருக்கு ஒரு துணுக்கு: 107 விநாடிப் பதிவு, சுமார் 350 கிலோபைட். அன்றைய வீட்டுக் கணினிக்கு இதற்கே பல மணி நேரம் பிடித்தது.

2020 மார்ச் 31-இல் துணுக்குகள் அனுப்புவதை நிறுத்தினார்கள். அதற்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்தார்கள். வேற்றுலகத்திலிருந்து வந்ததென்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு சமிக்ஞைகூடக் கிடைக்கவில்லை.

அப்புறம் எதற்கு இத்தனை பேர் வந்தார்கள்?

ஓசியில் கிடைத்த லாட்டரிச் சீட்டு என்று சொல்லிவிடலாம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அலசிய துணுக்குகளுக்குக் கணக்கு வைத்தார்கள், அணிகள் போட்டி போட்டன, சிலர் நிரலையே மாற்றிப் பொய் முடிவுகளை அனுப்பினார்கள். அதனால் ஒரே துணுக்கைப் பலருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிட வேண்டியிருந்தது. ஆக, நீங்கள் இல்லையென்றாலும் வேலை நடக்கும். உங்கள் துணுக்கு இன்னொருவரிடமும் இருக்கிறது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. 2000-இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபோல்டிங்@ஹோம் தொடங்கியது. புரதங்கள் மடியும் விதத்தைக் கணக்கிட்டு நோய்களைப் புரிந்துகொள்ள உதவும் திட்டம். அதே கணினி, அதே கரண்ட் பில். நோயாளிகளை விட்டுவிட்டு, இருக்கிறார்களா என்றே தெரியாதவர்களைத் தேடுவது சரியா? வலியை மட்டும் தராசில் வைத்தால் ஃபோல்டிங்தான் ஜெயிக்கும். இதை மறுக்க என்னால் முடியாது. ஊருக்கு முதலில் ஆஸ்பத்திரிதான் வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரி மட்டுமே உள்ள ஊரில் யாரும் குடியிருக்க விரும்புவதில்லை.

1993-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நாசாவின் வேற்றுயிர்த் தேடலுக்கான நிதியை நிறுத்தியது. வரிப்பணத்தில் இதெல்லாம் தேவையா என்பது நியாயமான கேள்விதான். ஆறு வருடம் கழித்து, யாரும் வற்புறுத்தாமல், லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணினியைக் கொடுத்தார்கள். நாம் தனியாக இருக்கிறோமா என்ற கேள்வி விஞ்ஞானிகளுக்கு மட்டும் சொந்தமில்லை என்று அவர்கள் நினைத்ததாகத்தான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சரி, தூங்கும்போது கணினி செய்த வேலையில் நம் பங்கு என்ன? திருவிழாவில் ஒரு குழந்தை காணாமல் போகிறது. ஆளுக்கொரு தெருவாகப் பிரிந்து ஓடுகிறோம். ஒருவர்தான் குழந்தையோடு திரும்புவார். மற்ற எல்லோரும் ‘இந்தத் தெருவில் இல்லைங்க’ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் உதவவில்லை என்று யாராவது சொல்வார்களா? அவர்கள் போயிருக்காவிட்டால் அந்தத் தெருக்கள் எல்லாம் சந்தேகமாகவே நின்றிருக்கும். ஒரே தெருவை இரண்டு பேர் பார்த்து இரண்டு பேரும் இல்லை என்றால், அந்தச் சொல்லுக்குப் பலம் கூடத்தான் செய்கிறது.

மென்பொருள் சோதனையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். ‘தேடினேன், இல்லை’ என்பதும் ‘தேடவே இல்லை’ என்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் பட்டியல் காலி. ஆனால் முதலாவதை நம்பி அடுத்த அடி வைக்கலாம்.

அரெசிபோ தொலைநோக்கி 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்தது. அது பார்த்த வானத்தில், அது கேட்ட அலைவரிசையில், அதற்கு எட்டக்கூடிய வலுவோடு யாராவது நம்மைக் கூப்பிட்டார்களா என்று இனித் தேடுகிறவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அங்கே ஏற்கெனவே 50 லட்சம் பேர் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.